அண்ணன் இருக்காரா

"எங்க தாத்தாவுக்கு ரெண்டு பொண்டாட்டின்னு நீ எப்படிச் சொல்லலாம்?"

"நான் சொல்லலை அத்தான். ராணுவம் சொல்லுது."

"ராணுவத்துக்கு வேற வேலை இல்லையா?"

"இருந்துச்சு. அதுலதான் தாத்தா செத்தாரு. செத்ததுனால பென்ஷன் வந்துச்சு. பென்ஷன் யாருக்குப் போச்சுன்னு பார்த்தா, உங்க பாட்டி பேரு இல்லை. வேற ஒரு பேரு இருக்கு."

"எங்க பாட்டிதான் அதுக்கு முன்னாடியே போயிட்டாங்களே."

"அதையேதான் நானும் சொல்றேன். அவங்க போயிட்டாங்க. தாத்தா சும்மா இருக்கலை."

நான் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த வருடம் வந்த வெள்ளரிக்காய் எல்லாம் ஒரே கசப்பு. நுனியை வெட்டித் தேய்த்துப் பார்த்தாலும் போகவில்லை. கடைக்காரரிடம் கேட்டால் வெயில்தான் காரணம் என்றார்.

கத்தியவர் என் கணவர். எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்தும் ஆபீஸில் வேலை. அங்கே அவருக்குக் குரல் உண்டு என்றே யாருக்கும் தெரியாது. வீட்டில் கத்தினால் தெருமுனை இஸ்திரிக் கடை வரைக்கும் கேட்கும். பதில் சொன்னவள் என் ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. வீட்டில் எல்லோரும் சின்னவள் என்போம். கத்த மாட்டாள். எதிராளி கத்தி முடிக்கும்வரை காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, சரியான பக்கத்தில் விரலை வைப்பாள்.

மேஜைத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாமனார், தண்ணீர் டம்ளரை டக்கென்று வைத்தார். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"அதுல பாப்பாவைப் பத்தி ஏதாவது இருக்காம்மா?" என்றார்.

பாப்பா என்பது அவருடைய தங்கை. மாமாவுக்கு ஆறு வயதில் சிப்பாய்த் தாத்தா போரில் இறந்தார். வீட்டில் அப்போது ஒரு சித்தி இருந்ததாக அவருக்கு நினைவு. அது யார், அப்பாவுக்கு என்ன முறை என்று விளங்குகிற வயதில்லை. அந்தச் சித்தி, மாமாவை ராணுவத்தார் பிள்ளைகள் விடுதியில் விட்டுவிட்டு, தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். விளையாட்டு என்று நினைத்துக் குழந்தை தோள்மேலிருந்து அண்ணனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனதாம். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. முழுப் பெயர்கூட அவருக்குத் தெரியாது. எண்பதை எட்டிய மனிதர், ரயில்வேயில் பார்சல் கிளார்க்காக இருந்து ஊர் ஊராக மூட்டைகளைச் சரியாகச் சேர்த்தவர், தங்கை எந்த ஊரில் இறங்கினாள் என்று மட்டும் தெரியாமல் இருந்தார்.

"ஒரு பெண் குழந்தைன்னு போட்டிருக்கு மாமா. பேரு இல்லை. பேரு கிடைச்சா மேற்கொண்டு தேடலாம்" என்றாள் சின்னவள்.

மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வைத்த சாப்பாடு ஆறிப்போனது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெருவில் எனக்குச் செய்தி அக்கா என்று பெயர். எந்த வீட்டுப் பெண் யாரோடு பஸ் ஏறினாள், எந்த மாப்பிள்ளை மாமியார் வீட்டோடு பேச்சை நிறுத்தினான், எந்த மாடிக்குப் புதிதாகத் திரைச்சீலை வந்தது, எல்லாவற்றுக்கும் என் சமையலறை ஜன்னலுக்குத்தான் வருவார்கள். ஒருவர் போய்விட்டார் என்றால் முதலில் எனக்குத் தெரியும், டாக்டருக்கு இரண்டாவதாகத் தெரியும். சாவு விஷயத்தில் நான் சொன்னது ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. அதில் மட்டும் நான் மிகவும் கவனமாக இருப்பேன்.

இத்தனையையும் உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் வேண்டும் அல்லவா? என் கணவர் பேப்பருக்குப் பின்னால் போய்விடுவார். மாமாதான் கேட்பார். தினமும் மத்தியானம் என் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே கேட்பார். நடுவில் நான் மூச்சு வாங்கினால், தலையைத் தூக்காமல் "அப்புறம்?" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் நாலு தெருவைச் சுற்றி வந்திருக்கிறேன்.

சின்னவள் கல்யாணத்துக்கு முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். செத்தவர்கள் நிஜமாகவே செத்தார்களா என்று பார்ப்பது அவள் வேலை. அதனால் நான் எதைச் சொன்னாலும், "ஆதாரம் இருக்காக்கா?" என்பாள். சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். தையல்காரர் மகளுக்கு நிச்சயமாகிவிட்டது என்று நான் சொன்னபோதும் அதேதான் கேட்டாள். தையல்காரர் வீட்டு வாசலில் கிடந்த புதுச் செருப்பைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்?

பூர்வீகம் தேடுகிற வேலையை அவள் ஆரம்பித்தது விளையாட்டாகத்தான். ஒரு பெரிய சார்ட் பேப்பரை வாங்கி வந்தாள். ஹாலில் அதை ஒட்ட இடம் இல்லை என்று, நான் பூத்தையல் போட்டுச் சட்டம் மாட்டியிருந்த அன்னப்பறவைகளைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். கேட்டுவிட்டுத்தான் வைத்தாள். நானும் சரி என்றுதான் சொன்னேன். சார்ட்டில் மேலிருந்து கீழாகக் கட்டம் கட்டமாகப் பெயர்கள். எல்லாம் கறுப்பு மையில். என் பெயர் மட்டும் பென்சிலில்.

"ஏன்டி, நான் என்ன பாதிதான் இந்த வீட்டு மருமகளா?" என்று கேட்டேன்.

"ஆதாரம் பார்த்தாதான் மையில எழுதறதுன்னு வச்சிருக்கேன்க்கா. உங்க கல்யாணச் சான்றிதழை எடுத்துக் குடுங்க, உடனே மை ஊத்திடறேன்."

எங்கள் கல்யாணத்துக்குச் சான்றிதழ் வாங்கவில்லை. ஊரே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது. இருபத்து மூன்று வருடம் இந்த வீட்டில் குப்பை கொட்டியதற்கு யாரிடம் போய்ச் சான்றிதழ் கேட்பது? வயிற்றெரிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

அப்புறம் ஆவணக் காப்பகத்துக்குப் போக ஆரம்பித்தாள். மாமாவையும் கூட்டிக்கொண்டு போனாள். நான் இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, நான் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, இரண்டு பேரும் பஸ் ஏறுவார்கள். காப்பக வராண்டாவில் ஒரு பெஞ்சு உண்டாம். அதில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிடுவார்களாம். சாயங்காலம் வந்து மாமாதான் சொல்வார். பழைய காகிதத்துக்கு ஒரு வாசனை உண்டாம். வெறும் கையால் தொடக் கூடாதாம். அங்கே இருக்கிற கிளார்க், இவளைப் பார்த்தாலே எழுந்து நிற்கிறாராம். நான் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டேன். நடுவில் அவர் மூச்சு வாங்கினார். நான்தான் "அப்புறம்?" என்று கேட்க வேண்டியிருந்தது.

ஒருநாள் கொள்ளுத்தாத்தாவின் உயில் கிடைத்துவிட்டது. சிப்பாய்த் தாத்தாவின் அப்பா. போரில் மாண்ட தன் மகனின் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் நாங்கள் குடியிருக்கும் இந்த வீட்டைச் சரிபாதியாக எழுதி வைத்திருந்தார். இரண்டு பிள்ளைகளின் பெயர்களும் அதில் இருந்தன. மாமா தன் தங்கையின் பெயரை அன்றுதான் முதன்முதலாக முழுசாகக் கேட்டார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பெயரை மிட்டாய் மாதிரி வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தார். ராத்திரி சாப்பாட்டின்போது சின்னவளைப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் உப்பு எடு" என்றார். என்னை அவர் எப்போதும் "பெரியவளே" என்றுதான் கூப்பிடுவார். உப்பு என் பக்கத்தில்தான் இருந்தது.

தெருவும் மாறிவிட்டது. இஸ்திரிக் கடைக்காரர் மனைவி என் ஜன்னலைத் தாண்டி ஹாலுக்கு வந்தாள். "எங்க வீட்டுக்காரர் தாத்தாவும் பட்டாளத்துல இருந்தாராம், கொஞ்சம் பார்த்துச் சொல்லும்மா" என்று சின்னவளிடம் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்தத் தாத்தா பட்டாளத்துக்கு முடி வெட்டினவர் என்று எனக்குத் தெரியும். என்னைக் கேட்டிருந்தால் நின்ற இடத்திலேயே சொல்லியிருப்பேன். எல்லோரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

பெயர் கிடைத்த பிறகு மீதி வேகமாக நடந்தது. சித்தி பல வருடம் பென்ஷன் வாங்கி, செத்துப்போய், அதன் பிறகு அந்தப் பென்ஷன் சிப்பாயின் கல்யாணமாகாத மகளுக்கு மாறியிருக்கிறது. ஒருநாள் மத்தியானம் சின்னவள் சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். அவங்க உயிரோட இருக்காங்க. போன வருஷம் வரைக்கும் பென்ஷனுக்குக் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"யாரு?"

"மாமாவோட தங்கச்சி. விலாசம் தர மாட்டேங்கிறாங்க. நம்ம வீட்டு நம்பரைக் குடுத்து, அவங்களுக்குச் சேர்த்துடச் சொல்லியிருக்கேன். மாமாகிட்ட இப்போ மூச்சு விட்டுறாதீங்க. உறுதியாகட்டும். இல்லைன்னு ஆயிட்டா தாங்க மாட்டாரு."

"நான் எதுக்குடி சொல்லப்போறேன்?" என்றேன்.

பாருங்கள், தெருவிலேயே பெரிய செய்தி. என் கையில் கொடுத்துவிட்டு, வெளியில் விடாதே என்கிறாள். எனக்கு அது புதிதாக இருந்தது.

போன் வந்த அன்று சின்னவள் பல் டாக்டரிடம் போயிருந்தாள். ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். மாமா பக்கத்து அறையில், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எடுத்தேன்.

"பென்ஷன் ஆபீஸ்ல இந்த நம்பரைக் குடுத்தாங்கம்மா. அண்ணன் இருக்காரா?"

"எந்த அண்ணன்?"

"எனக்கும் சரியாத் தெரியாது. எனக்கு ஒரு அண்ணன் இருக்காருன்னே இப்பத்தான் சொன்னாங்க." அந்த அம்மாள் சிரித்தாள். "நீ யாரும்மா பேசறது?"

"நான் அவரோட மூத்த மருமக."

"மருமகளா? அப்போ கல்யாணம் காட்சியெல்லாம் நல்லபடியாப் பண்ணியிருக்காரு."

குரல் தடித்திருந்தது. வாக்கியத்தின் கடைசியில் கொஞ்சம் இழுப்பு. மாமாவுக்கும் அதே இழுப்பு உண்டு. எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆதாரம் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அந்த நேரத்தில் என் கண் முன்னால் என்ன தெரிந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். சாயங்காலம் தெருவே ஹாலில் நிற்கிறது. மாமா அழுகிறார். சின்னவள் தலையில் கை வைத்து, "நீ என் வயித்துல பிறந்திருக்கணும்மா" என்கிறார். நான் அத்தனை பேருக்கும் டீ போட்டுக்கொண்டிருக்கிறேன். சர்க்கரை போதுமா என்று கேட்கிறேன். சார்ட்டில் புதிதாக ஒரு பெயர், கறுப்பு மையில்.

"அவர் போயிட்டாரும்மா" என்றேன். "போன மாசம்."

"கஷ்டப்பட்டாரா?"

"இல்லை. தூக்கத்துலேயே. காலையில காபி குடுக்கப் போனேன், முகம் அவ்வளவு அமைதியா இருந்துச்சு." தெருவில் எத்தனை சாவு பார்த்திருக்கிறேன். வார்த்தை தானாக வந்தது.

"என்னை நினைச்சுக்கிட்டாரா?"

"பாப்பா, பாப்பான்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு" என்றேன். நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. அதோடு, அது உண்மை.

அப்போது பக்கத்து அறையிலிருந்து மாமா, "யாரு பெரியவளே?" என்று கேட்டார்.

"ராங் நம்பர் மாமா" என்றேன், ரிசீவரைப் பொத்திக்கொண்டு. சரியாகப் பொத்தவில்லை போலிருக்கிறது.

"யாரோ பேசற சத்தம் கேட்டுதே?" என்றாள் அந்த அம்மாள்.

"என் வீட்டுக்காரர்."

"நல்ல குரல்" என்றாள். தான் எந்த முதியோர் இல்லத்தில் இருக்கிறாள், எந்த பஸ் வரும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பிறகு நான் யோசித்துப் பார்த்தேன். மாமாவுக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. டாக்டரே அதிர்ச்சி ஆகாது என்று சொல்லியிருந்தார். சந்தோஷ அதிர்ச்சி என்றால் மட்டும் இதயத்துக்குத் தெரியுமா? அந்த வகையில் பார்த்தால் நான் செய்தது முன்ஜாக்கிரதை. உயில் விஷயமும் இருக்கிறது. பாதி வீடு அந்த அம்மாளுடையது. வீட்டை நினைத்துத்தான் செய்தேன் என்று நீங்கள் எடுத்துக்கொண்டால் நான் மறுத்துப் பேச மாட்டேன். ஆனால் போனைக் கையில் வைத்திருந்தபோது வீடு என் ஞாபகத்தில் இல்லை.

அந்த வாரமே இல்லத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், பார்க்காமல் என்னால் இருக்க முடியாது, அவ்வளவுதான். எதிர் வீட்டுக்குப் புது அலமாரி வந்தாலே நான் போய்த் திறந்து பார்த்துவிட்டு வருகிறவள். பச்சை டிஸ்டெம்பர் அடித்த நீள அறை. இரும்புக் கட்டில்கள். ஜன்னல் பக்கம் நாலாவது கட்டிலில் இருந்தாள். நெற்றி அப்படியே மாமா. பிஸ்கட்டை டீயில் நனைப்பதற்கு முன்னால் இரண்டாக உடைத்து, சின்னத் துண்டை முதலில் சாப்பிட்டாள். மாமாவும் அப்படித்தான்.

"மருமகளே, அண்ணனைப் பத்திச் சொல்லு. எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்றாள்.

சொன்னேன். பார்சல் ஆபீஸ், மாமியாரைப் பெண் பார்த்த கதை, ஒருதரம் வழிமாறி வந்த ஆட்டுக்குட்டிப் பார்சலை வீட்டுக்கே கூட்டி வந்தது. நடுவில் மூச்சு வாங்கினேன்.

"அப்புறம்?" என்றாள்.

அதற்குப் பிறகு வாரா வாரம் போனேன். வீட்டில் ஒரு தூரத்துச் சொந்தத்தைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். பொய் இல்லை. இல்லத்து நர்ஸ் என்னைக் கண்டால், "பாட்டி காலையிலேர்ந்து வாசலையே பார்த்துக்கிட்டிருக்காங்க" என்பாள். பதிலுக்கு அந்த அம்மாளும் கதை சொன்னாள். சித்தி எப்படிப் பேசுவாள், சிப்பாய்த் தாத்தா எழுதிய கடிதத்தில் என்ன வேடிக்கை, எதற்காகத் தான் கல்யாணம் வேண்டாம் என்றாள். எந்தக் காப்பகத்திலும் கிடைக்காத சரக்கு. சின்னவள் கையுறை போட்டுக்கொண்டு காகிதம் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் மூலத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒருதரம் அண்ணன் இருந்த வீட்டைப் பார்க்கணும்" என்று ஒருநாள் கேட்டாள்.

"வாங்கத்தை, வராம என்ன? ஆனா வீட்டுல உங்களுக்குப் பாதின்னு ஒரு உயில் இருக்கு. அவர் போன கையோட நீங்க வந்து நின்னா, பங்கு கேக்க வந்துட்டாங்கன்னு நாலு பேர் நாக்கு மேல பல்லுப் போட்டுப் பேசுவாங்க. எனக்கே மனசு கேக்காது."

"சீ, எனக்கு எதுக்கும்மா வீடு?" என்றாள். மானஸ்தி. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

வீட்டில் சின்னவளுக்குப் பொறுக்கவில்லை. எத்தனை நாள்தான் பதிலுக்குக் காத்திருப்பாள்? ஒருநாள் மாமாவிடம் உடைத்துவிட்டாள். நான் எதிரில்தான் நின்றேன். மாமா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். மறுநாள் முடி வெட்டிக்கொண்டார். கண்ணாடிக்குப் புதுச் சட்டம் போட்டார். போன் மணி அடித்தால் கொழுந்தனுக்கு முன்னால் இவர் போய் நின்றார்.

"பெரியவளே, வயசான தங்கச்சிக்கு என்ன வாங்கிட்டுப் போறது?" என்று என்னிடம் வந்து கேட்டார்.

"கம்பளிச் சால்வை வாங்குங்க மாமா. இந்த வயசுல கட்டில்ல உட்கார்ந்தே இருந்தா தோள்பட்டை குளிரும்" என்றேன்.

"கட்டில்ல உட்கார்ந்திருப்பாளா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

சிவப்பில் ஒன்று வாங்கி வந்தார்.

அந்த அம்மாள் இதற்கிடையில் ஒரு காரியம் செய்தாள். பென்ஷன்காரர்கள் வருடா வருடம், உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். நர்ஸ் காகிதத்தை நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். என்னிடமும் சொன்னாள். "இத்தனை வருஷம் கழிச்சு ஒரு அண்ணன் இருக்காருன்னாங்க. ஒரு மாசத்துல தவறிப் போச்சு. இனிமே நான் இருக்கேன்னு யாருக்குக் கையெழுத்துப் போடணும்?" நான் வற்புறுத்தவில்லை. பெரியவர்கள் மனசு, நாம் குறுக்கே போகக் கூடாது.

பதில் வராமல் சின்னவள் பென்ஷன் ஆபீஸுக்கே போனாள். தகவல் எப்போதோ சேர்ந்துவிட்டது என்றார்கள். இந்த வருடக் கையெழுத்து வரவில்லை, பணத்தை நிறுத்தியாகிவிட்டது என்றார்கள். வீட்டுக்கு வந்து என் சமையலறையில் அப்படியே உட்கார்ந்தாள்.

"நின்னுபோச்சுக்கா. நான் பார்த்த அத்தனை ஃபைல்லயும், பணம் நின்னா அடுத்த தாள் இறப்புச் சான்றிதழ்தான்."

"அப்படியா?"

"வேற காரணமும் இருக்கலாம். உடம்பு முடியாம இருக்கலாம். நீங்க என்னக்கா நினைக்கிறீங்க?"

பல வருடத்துக்குப் பிறகு என் வாயால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வந்திருந்தாள். ஆதாரம் கேட்கவில்லை.

"அந்த வயசுல வர்ற பணத்தை உயிரோட இருக்கிறவங்க யாராவது வேண்டாம்பாங்களா?" என்றேன்.

அவள் அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அன்று சாயங்காலமே போய் மாமாவிடம் சொன்னாள். சார்ட்டில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில், இறந்தவர் என்பதற்குச் சிலுவைக் குறி போட்டாள், மையில்.

மாமா, "சரிம்மா. நீ எவ்வளவோ அலைஞ்சே" என்று மட்டும் சொன்னார். சால்வையை என்னிடம் கொடுத்து, "நீயே போர்த்திக்கோ பெரியவளே" என்றார். எனக்குச் சிவப்பு ஆகாது. அடுத்த வாரம் இல்லத்துக்குக் கொண்டுபோய், அண்ணன் ஆசையாக உங்களுக்கென்று வாங்கி வைத்திருந்தது என்று சொல்லிக் கொடுத்தேன். அதிலும் பொய் இல்லை. அந்த அம்மாள் அதைக் கழற்றவே மாட்டேன் என்றாள். துவைக்கக் கொடுக்கச் சொல்லி நர்ஸ் சண்டை போட வேண்டியிருந்தது.

காப்பகத்துக்குப் போவது நின்றது. மாமா திரும்பவும் என் முக்காலிக்கே வந்துவிட்டார். மத்தியானம் முழுக்கப் பூண்டு உரித்தார். தேவைக்கு மேல் உரித்தார். நானும் தெருச் செய்தி எல்லாம் சொன்னேன். மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்திப் பார்த்தேன். அவர் உரித்துக்கொண்டே இருந்தார். கேட்கவில்லை. உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. அப்போதும் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். ஒரு பஸ் தூரம்தான். ஆனால் சொன்னால், அவரைக் கூட்டிக்கொண்டு போகிறவள் நானாக இருக்க மாட்டேன். சின்னவள்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போவாள்.

மழைக்காலத்தில் மாமா போய்விட்டார். தூக்கத்தில்தான். காலையில் காபி கொடுக்கப் போனவள் நான்தான். முகம் அமைதியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் இல்லத்துக்குப் போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அந்த அம்மாள் பதறிப்போய் என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். சிவப்புச் சால்வையால் என் கண்ணைத் துடைத்தாள்.

"என்ன மருமகளே, யாருக்கு என்ன ஆச்சு?"

"மாமா ஞாபகம் வந்துட்டுது அத்தை."

"அவர் போயி ஒரு வருஷம் ஆகப்போகுது, இன்னும் இப்படி அழறியே. பெத்த பொண்ணுகூட இப்படி அழ மாட்டா. அண்ணன் குடுத்து வச்சவரு" என்றாள்.

அந்த வருடத்துக் காகிதத்தில் அவளைக் கையெழுத்துப் போட வைத்தேன். எனக்காகப் போட்டாள். பென்ஷன் திரும்ப வந்தது. நிறுத்திய ஃபைலைத் திரும்ப ஒருதரம் புரட்டியிருந்தால் சின்னவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் அதற்குப் பிறகு ஒரு காகிதத்தையும் தொடவில்லை.

ஆக, உயிரோடு இருந்த அண்ணனைத் தங்கைக்குச் சாகடித்ததும், உயிரோடு இருந்த தங்கையை அண்ணனுக்குச் சாகடித்ததும் நான்தான். இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரே செய்தி இது. எனக்கு அது பழக்கமில்லாத வேலை என்பதால்தான் இப்போது சொல்கிறேன்.

மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். அத்தை அதன் பிறகு நாலு வருடம் இருந்தாள். கடைசியில் நான் பக்கத்தில்தான் இருந்தேன். சால்வையோடுதான் அனுப்பினோம். அந்த நர்ஸ் இல்லத்துக்கு ரொட்டி கொண்டுவரும் வேன்காரனைக் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அது நடக்கும் என்று நான் முதல் மாசமே சொன்னேன். தையல்காரர் மகள் கல்யாணமாகிப் போய், மாமியாரோடு ஒத்துவராமல் திரும்பி வந்து, திரும்பவும் போய்விட்டாள். என் கணவர் ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது கத்துவதில்லை. கொழுந்தன் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு தூரத்து ஊருக்குப் போனார். சாமான் எல்லாம் வண்டியில் ஏற்றிய பிறகு சின்னவள் சமையலறைக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நான் சரியா விசாரிக்காம மாமாகிட்ட போய்ச் சொல்லிட்டேன்க்கா, அதுலதான் அவர் போயிட்டாரு. என்னை மன்னிச்சிருங்க" என்று தேம்பித் தேம்பி அழுதாள்.

நான் மன்னித்துவிட்டேன்.